தயங்கிய இடமெல்லாம் நெல்

குடவாசல்
26 மே 2025

மதிப்புக்குரிய பேராசிரியர் குந்தவை அவர்களுக்கு,

வணக்கம். ஆராய்ச்சி மாணவர் இருவர் தேவை என்று நீங்கள் போட்ட அறிவிப்பை நான்கு முறை படித்துவிட்டேன். தன்விவரம் வேண்டாம், மதிப்பெண் பட்டியல் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டவே வேண்டாம், கையால் தமிழில் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போடுங்கள் என்று எந்தப் பேராசிரியரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘உங்களை நிம்மதியாக இருக்கவிடாத ஒரு கேள்வியைச் சொல்லுங்கள்’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி. பெயர் எழில்மொழி, வயது இருபத்தேழு, கணினி அறிவியலில் முதுகலை. அப்பா மருதையன் ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறார். அம்மா இன்றைக்கும் கூலிக்குக் களை எடுக்கப் போகிறார். கல்லூரியில் சேரும்வரை விடுமுறைகளில் நானும் போயிருக்கிறேன். இப்போது ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கேள்வி இதுதான். வயலைப் படம் பிடித்து, அதில் எது நெல், எது களை என்று தானே கண்டுபிடிக்கும் கணினியைப் பழக்கியிருக்கிறீர்கள். அதற்காக இருபத்திரண்டாயிரம் படங்களில் ஐந்து பேர் தனித்தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு பயிரைச் சுற்றியும் கட்டம் போட்டு, நெல் அல்லது களை என்று லேபிள் குறித்தார்கள் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு இடங்களில் ஐவரும் ஒன்றையே சொன்னதால் தரவு நம்பகமானது என்றும் சொல்கிறது. அப்படியிருந்தும், இருபது நாள் பயிரில் நெல்லைப் போலவே நிற்கும் குதிரைவாலிப் புல்லைக் கணினி கோட்டை விடுகிறது, காரணம் தெரியவில்லை என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்கள்.

ஐந்து பேர் எப்படி இவ்வளவு ஒத்துப்போனார்கள்? எங்கள் வீட்டில் நான்கு பேர். குழம்புக்கு உப்புப் போதுமா என்பதில்கூட நாங்கள் ஒத்துப்போனதில்லை.

இப்படிக்கு,
எழில்மொழி

*

தஞ்சாவூர்
3 ஜூன் 2025

எழில்மொழிக்கு,

போன வருடம் எனக்கு முந்நூற்று நாற்பது மின்னஞ்சல்கள் வந்தன. பாதிப் பேர் என்னை ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று அழைத்திருந்தார்கள். மீதிப் பேருக்குக் கணினியே எழுதிக் கொடுத்திருந்தது. அதனால்தான் இந்தத் தபால் கூத்து. இந்த முறை எழுபத்தோரு கடிதங்கள். எழுபது பேர் என் ஆராய்ச்சியைப் புகழ்ந்திருக்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் சந்தேகம் வீண். லேபிள் போட்ட ஐவரும் களை எடுத்துப் பழகிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ஒருவர் குறித்தது மற்றவர் திரையில் தெரியாது. அதைத் தனித்தனி வேலை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? தரவில் கோளாறு இல்லை, கணினிக்குச் சொல்லித்தரும் முறையில்தான் கோளாறு என்று எட்டு மாதமாக நானும் என் மாணவன் ஷஹ்பாஸும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜூலை இரண்டாவது வாரத்தில் திட்டக் குழு உட்காரப்போகிறது. காரணம் சொல்லாவிட்டால் திட்டத்தை நிறுத்திவிடுவார்கள். இரண்டு மாணவர்கள் பாதியில் போய்விட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால்கூட அந்தப் புல்தான் கண்முன் நிற்கிறது.

ஜூன் 18, காலை பத்து மணிக்கு நேர்காணல். வெறும் சந்தேகத்தோடு வராதீர்கள், ஆதாரத்தோடு வாருங்கள்.

குந்தவை

*

குடவாசல்
9 ஜூன் 2025

அம்மா,

மேடம் என்று எழுதத்தான் நினைத்தேன், இந்தக் கடிதத்துக்கு அது வரவில்லை. உங்களிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் நேர்காணலுக்கு வந்து உட்கார என்னால் முடியாது.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி நான்.

2022, 2023 இரண்டு வருடமும் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் வேலை. உங்கள் படங்கள் ஒரு இடைநிறுவனம் வழியாக வந்தன. யாருடைய வயல், யாருக்காக, எதுவும் எங்களுக்குத் தெரியாது. உங்கள் கட்டுரையில் இருந்த படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒருவர் குறித்தது மற்றவர் திரையில் தெரியாது என்பது உண்மை. ஆனால் நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தோம். எங்களுக்கு வாய் இருந்தது.

பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத கை சரியில்லாத கை என்பது அங்கே விதி. வாரக் கடைசியில் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனவளை அடுத்த வாரம் வர வேண்டாம் என்பார்கள். முதல் மாதமே இரண்டு பேர் அப்படிப் போய், வேறு இரண்டு பேர் வந்தார்கள். அதன்பின் நாங்கள் களை எடுக்கும் வரிசையில் செய்வதைச் செய்தோம். வரிசையில் ஒருத்தி முன்கை போவாள், மற்றவர்கள் அவளைப் பார்த்துப் போவார்கள். அறையிலும் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். “பதிமூணு நெல்லு, பதினாலு களை, பதினஞ்சு நெல்லு.” மற்ற நால்வரும் அதையே அழுத்தினார்கள். அந்தச் சத்தம் என்னுடையது. உங்கள் ஐந்து பேரும் நான் ஒருத்திதான்.

இனிமேல்தான் எனக்குப் பயமான விஷயம். தெளிவாகத் தெரிந்த இடத்தில் சரியாகத்தான் சொன்னேன். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் நெல் என்றேன். வேண்டுமென்று இல்லை. கை அப்படித்தான் பழகியிருக்கிறது. பதிமூன்று வயதில் முதல்முறை களை எடுக்கப் போனபோது ஒரு நெற்பயிரைப் பிடுங்கிவிட்டேன். நிலத்துக்காரர் வரப்பில் நின்றிருந்தார். “நெல்ல புடுங்கிட்டு என்ன முழி முழிக்கிற? அத கையில புடிச்சிக்கிட்டு அங்கயே நில்லு. எல்லாரும் பாக்கட்டும்” என்றார். சாப்பாட்டு நேரம்வரை சேற்றில் அந்த ஒரு பயிரோடு நின்றேன். என் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் களை எடுத்துக்கொண்டே போனார். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: “சந்தேகமா இருந்தா விட்டுடுடி. களைய விட்டா அடுத்த களைக்கு எடுத்துக்கலாம். நெல்ல எடுத்தா என்ன பண்ணுவ?”

உங்கள் கணினி என்னிடம் படித்தது அம்மா. அதனால்தான் அதுவும் விட்டுவிடுகிறது.

மற்ற நால்வர் பெயரைக் கேட்காதீர்கள். அவர்களில் மூன்று பேர் இன்னும் அந்த மாடியில்தான் வேலை செய்கிறார்கள். 18ஆம் தேதி வரலாமா, வேண்டாமா என்று மட்டும் எழுதுங்கள்.

எழில்மொழி

*

தஞ்சாவூர்
13 ஜூன் 2025

எழில்மொழிக்கு,

வர வேண்டாம்.

மூன்று வருட வேலை. அந்தத் தரவை நம்பி இன்னும் ஆறு ஆராய்ச்சிக் குழுக்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ‘தனித்து முடிவெடுப்பேன்’ என்ற தாளில் நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பெயர்களை மறைத்துத் தந்த நகல் என் அலமாரியில் இருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதற்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் என்று கணினி ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அதை ஏதோ குடும்ப வழக்கம்போல எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். ஷஹ்பாஸ் எடுத்து நீவி மேசையில் வைத்திருக்கிறான்.

மற்ற நால்வரின் பெயர் எனக்கு வேண்டும். இடைநிறுவனத்திடம் நான் விளக்கம் கேட்டாக வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்களை நிற்கவைத்த அந்த வயல் எந்த ஊர்? நன்னிலம் பக்கமா?

குந்தவை

*

குடவாசல்
19 ஜூன் 2025

பேராசிரியர் அவர்களுக்கு,

பெயர் தரமாட்டேன். என் பெயரை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கையெழுத்துத் தாள் ஆங்கிலத்தில் நாலு பக்கம். மேற்பார்வையாளர் நாலாம் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். படிக்காமல் போட்டது எங்கள் தப்புதான். ஆனால் ஒத்துப்போவதுதான் தரம் என்று அளவுகோல் வைத்தது யார்? ஒத்துப்போகாதவளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது யார்? நீங்கள் ஒத்துப்போகும் ஐந்து பேரைக் கேட்டீர்கள், கிடைத்தது. உங்கள் திரையில் இரண்டே பொத்தான். நெல், களை. ‘தெரியவில்லை’ என்று ஒன்று வைத்திருந்தால் அதை அழுத்த எனக்கு என்ன வெட்கம்?

‘வேளாண் அனுபவமுள்ள ஐந்து வல்லுநர்கள்’ என்று கட்டுரையில் எங்களை எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது எங்களில் ஒருத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை வாசிக்கும்போது அழுதாள். நான் உங்கள்மேல் கோபமாக இருக்கும்போதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நன்னிலம் இல்லை. அது உங்கள் ஊராக இருந்தால், உங்கள் வீட்டு வயல் இல்லை, நிம்மதியாக இருங்கள். ஆனால் இந்த ஜில்லாவில் இத்தனை ஊர் இருக்க, நன்னிலமா என்று உங்களுக்கு ஏன் கேட்கத் தோன்றியது?

இடம் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தப் படங்கள் என்னையும் விடமாட்டேன் என்கின்றன. பள்ளியில் பிள்ளைகள் பரீட்சை எழுதும்போதுகூட நான் கரும்பலகையில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். லேபிள் போடும் மென்பொருள், ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நொடி எடுத்தோம் என்று எழுதி வைத்துக்கொள்ளும். எங்கள் வேகத்தைக் கண்காணிக்க வைத்தது. தெரிந்த பயிருக்கு எனக்கு ஒரு நொடி, ஒன்றரை நொடி. சந்தேகம் வந்தால் நாலு, ஐந்து, சில சமயம் பத்து. உங்கள் கேமராக்கள் கம்பத்தில் ஒரே இடத்தில் நின்றவை. களை எடுக்காமல் விட்ட சோதனைப் பாத்திகளும் உண்டு. நாற்பத்தைந்தாம் நாள் குதிரைவாலி கதிர் விட்டுவிடும், நெல் விடாது. அப்போது குழந்தைகூடச் சொல்லும். நான் தயங்கிய இடங்களை மட்டும் எடுத்து, அதே இடத்தின் நாற்பத்தைந்தாம் நாள் படத்தோடு ஒப்பிடுங்கள். என்ன வருகிறது என்று எனக்கு எழுத வேண்டியதில்லை.

எழில்மொழி

*

தஞ்சாவூர்
17 ஜூலை 2025

அன்புள்ள எழில்மொழிக்கு,

எழுத வேண்டியதில்லை என்றீர்கள், எழுதுகிறேன். சோதனைப் பாத்திகளில் நீங்கள் நாலு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு, ஒப்பிடவும் முடிந்த கட்டங்கள் ஆயிரத்து நானூற்று ஆறு. ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் நெல் என்று குறித்திருக்கிறீர்கள். அதில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு குதிரைவாலி. ஷஹ்பாஸ் இரண்டு முறை சரிபார்த்தான். எட்டு மாதம் நாங்கள் முட்டிக்கொண்ட சுவரில் கதவு எங்கே என்று நீங்கள் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும்போலவும் இருந்தது.

அப்புறமும் மனம் ஆறவில்லை. போன திங்கட்கிழமை நன்னிலத்தில் எங்கள் வயலுக்குப் போனேன். நேரடி விதைப்புக் குறுவை, இருபத்தாறு நாள். அண்ணன் ராஜராஜன்தான் சாகுபடி பார்க்கிறார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களை எடுப்பவர்களோடு நானும் இறங்கினேன். எனக்குப் பக்கத்தில் தங்கம்மாள் என்றொருவர். ஒரு பயிரைக் காட்டி இது என்ன என்று கேட்டேன்.

“நெல்லுதாங்க” என்றார்.

குனிந்து இலையும் தண்டும் சேரும் இடத்தை விரித்துப் பார்த்தேன். நெல்லுக்கு அங்கே நாக்கு மாதிரி ஒரு சின்ன சவ்வு இருக்கும், குதிரைவாலிக்கு இருக்காது என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். சவ்வு இல்லை. “இது களை இல்லீங்களா?” என்றேன்.

அவர் நிமிராமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எனக்குத் தெரியாதுங்களாம்மா? அங்க பாருங்க, அண்ணன் வரப்புல நிக்கிறாங்க. தூரத்துல இருந்து பாத்தா நான் புடுங்குறது அவங்களுக்கு நெல்லாதான் தெரியும். எதுக்கு வம்பு? அடுத்த களைக்கு எடுத்துக்கலாம்.”

அண்ணன் குடை பிடித்துக்கொண்டு, அப்பா நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார்.

நன்னிலமா என்று ஏன் கேட்டேன் என்றீர்களே. அப்பாவும் நிற்கவைப்பார். எனக்கு ஒன்பது வயது இருக்கும். கையில் ஒரு பயிரோடு ஒரு அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் வரப்பில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டே அவளை வேடிக்கை பார்த்தேன். பாவம் என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை அதை நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது எழில்மொழி. அந்தக் கோபத்தில்தான் உங்களுக்கு அப்படி எழுதினேன்.

அண்ணனிடம் களை எடுக்கும் நேரத்தில் வயலுக்கு வராதீங்க என்றேன். “படிச்சது நீ, பயிர் வைக்கிறது நான்” என்றார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கட்டுரை வெளியான ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். ஐவர் தனித்தனியாகக் குறித்தது என்ற வரியை நீக்கி, நடந்ததை எழுதியிருக்கிறேன். தப்பு அளவுகோலில், அதை வைத்தது நான் என்றும் எழுதியிருக்கிறேன். நால்வரின் பெயர் எங்கும் இல்லை. இடைநிறுவனத்துக்கும் இனி ஒத்துப்போகாதவரை நீக்கக்கூடாது என்று எழுதியாயிற்று. திட்டக் குழு கோபப்பட்டு இரண்டு இடங்களில் ஒன்றை வெட்டிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று, அதற்குப் பதினோரு பேர். தேர்வுக் குழுவில் என்னோடு நால்வர் உட்காருவார்கள், என் கையில் மட்டும் இல்லை.

ஜூனில் தள்ளிவைத்த நேர்காணல் ஆகஸ்ட் 5, காலை பத்து மணிக்கு. வருவீர்களா?

குந்தவை

*

குடவாசல்
6 ஆகஸ்ட் 2025

அம்மா,

நேற்று நேர்காணல் முடிந்து பேருந்தில் வலங்கைமான் வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. அங்கே இறங்கி ஒரு டீ வாங்கி, குடிக்காமலே காசு கொடுத்துவிட்டு வந்தேன். இதை எழுதாவிட்டால் இன்றும் பாடம் நடத்த முடியாது.

கணக்குக் கேட்டார்கள், சொன்னேன். நிரல் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கடைசியில் நீங்கள் சுவரில் ஒரு படம் போட்டீர்கள். ஒற்றைப் பயிர், இருபது நாள் இருக்கும். நெல்லா, களையா என்று கேட்டீர்கள். குழுவில் இருந்த நால்வர் கையிலும் நீங்கள் சீட்டுக் கொடுத்திருந்தீர்கள். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ எழுதினார்கள். எனக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

படம் விழுந்தவுடனேயே தெரிந்துவிட்டது, அது களை. நடு நரம்பு வெளுத்திருந்தது, அடித்தண்டு தட்டையாகச் சிவந்திருந்தது. சந்தேகமே இல்லை. ஆனால் மேசைக்குப் பின்னால் அத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும்போது, வாயைத் திறந்தேன், நெல் என்று வந்துவிட்டது. இத்தனை கடிதம் எழுதியவள், உங்களிடமே சண்டை போட்டவள். குழுவில் இருந்த துறைத்தலைவர் தன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்ததைப் பார்த்தேன். திருத்திச் சொல்லியிருக்கலாம். நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என்மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

இடம் போய்விட்டது, தெரியும். அதைக் கேட்க எழுதவில்லை. அந்தப் படத்துக்கு என் பெயரில் நெல் என்று பதிவாகக்கூடாது. அது களை. களை என்று திருத்திவிடுங்கள், போதும்.

எழில்மொழி

*

தஞ்சாவூர்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள எழில்மொழிக்கு,

திருத்தமாட்டேன். பதிவில் நெல் என்றே இருக்கிறது, அதோடு உங்கள் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். தெரிந்ததை வாய் ஏன் சொல்லவிடுவதில்லை என்பதைத்தான் நாம் மூன்று வருடம் படிக்கப்போகிறோம்.

ஆமாம், நாம். நடந்ததைக் கேளுங்கள். நீங்கள் வெளியே போனதும் நால்வரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். “அவங்க சொந்த சப்ஜெக்ட்லயே தப்பா சொல்லிட்டாங்களே மேடம்” என்றார் துறைத்தலைவர். அது தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது என்றார். அப்புறம் சீட்டுகளைக் கொடுங்கள் என்றேன். அவை உங்களுக்கு மதிப்பெண் போட இல்லை. அவர்களும் அந்தப் படத்துக்கு விடை எழுதட்டும் என்று நான் கொடுத்தவை, ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். நான்கு சீட்டிலும் நெல். துறைத்தலைவர் முதலில் எழுதினார். மற்ற மூவரும் அவர் பேனா போன போக்கைப் பார்த்து எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தவறான விடைக்காக எழில்மொழியை வெளியே அனுப்புவதென்றால் நீங்கள் நால்வரும் அவரோடு பேருந்து ஏற வேண்டியதுதான் என்றேன். அப்புறம் ஒருவர் சிரித்தார், மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். துறைத்தலைவர் போடவில்லை. மூன்று போதும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 1, காலை ஒன்பதரைக்கு வந்துவிடுங்கள். ஷஹ்பாஸ் உங்களுக்கு ஜன்னலோர மேசையைத் துடைத்து வைத்திருக்கிறான். நானும் ஏதாவது தப்பாகச் சொல்வேன், நிறையவே சொல்வேன். அப்போது வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதாதீர்கள். அங்கேயே, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

குந்தவை